விரைவால் வென்ற ஹைதர் அலி

நுழையும்முன்

போர் என்றவுடன் இரு படைகள் திறந்த வெளியில் எதிரெதிரே அணிவகுத்து நிற்கும் காட்சியே நினைவுக்கு வரும். ஆனால், தம்மைவிட வலிய பகைவரை அவ்வாறு எதிர்த்து நிற்பது எப்போதும் அறிவுடைமை ஆகாது. வலிமை குறைந்த இடத்தில் ஒதுங்கியும், பகைவர் எதிர்பாராத இடத்தில் தோன்றியும், புதிய படைக்கலங்களைக் கையாண்டும் போரிட்ட வீரர்கள் உலகெங்கும் வாழ்ந்துள்ளனர். மராட்டிய நாட்டில் சிவாஜி மலைக்கோட்டைகளின் துணைகொண்டு பேரரசை எதிர்த்தார். தென்னாட்டில் அவ்வகைப் போரில் தேர்ந்தவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. அவருடைய வெற்றிகளையும், அவ்வெற்றிகளுக்காக எளிய மக்கள் கொடுத்த விலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு நிலங்கள், ஒரு வழி

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அங்கிருந்து தமிழ்நாட்டிற்குச் செல்லும் பேருந்துகள் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக மேட்டு நிலத்தை விட்டு மெல்ல இறங்குகின்றன. ஒரு சாலை செங்கம் கணவாயைக் கடந்து திருவண்ணாமலைக்குச் செல்கிறது. மற்றொன்று வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூரை அடைகிறது. விடுமுறைக் காலங்களில் பெட்டிகளுடனும் பலகாரப் பொட்டலங்களுடனும் சொந்த ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் இவ்வூர்ப் பெயர்களை நன்கு அறியும்.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வழிகளில் குதிரைகளின் குளம்பொலி கேட்டது. மேட்டு நிலத்திலிருந்து இறங்கித் தாக்குவதும், இடர் நேர்ந்தால் கணவாய்களின் வழியே மீண்டும் மேலேறிக்கொள்வதும் ஹைதர் அலியின் போர் முறை. மேட்டு நிலம் அவருக்கு அரணாகவும், கணவாய்கள் அவ்வரணின் வாயில்களாகவும் அமைந்தன.

துன்பத்தில் கழிந்த இளமை

ஹைதர் அலி 1720-ஆம் ஆண்டை ஒட்டிக் கோலார்ப் பகுதியிலுள்ள பூதிக்கோட்டை என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை பத்தே முகம்மது ஒரு படைத்தலைவர். அவர் ஆற்காட்டு நவாபின் படையில் ஏவுகணை வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் சிராப் பகுதியின் ஆட்சியாளரிடம் பணிபுரிந்தார். ஹைதர் சிறுவனாக இருந்தபோதே தந்தை போரில் உயிர் துறந்தார்.

தந்தையை இழந்த குடும்பம் வறுமையில் வாடியது. தந்தை செலுத்த வேண்டியிருந்த பணத்தைக் கேட்டு, ஹைதரும் அவருடைய அண்ணன் ஷாபாசும் துன்புறுத்தப்பட்டனர் என்பர். உறவினரின் உதவியால் குடும்பம் மைசூர் அரசின் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்தில் அடைக்கலம் புகுந்தது.

ஹைதர் பள்ளிக்குச் செல்லவில்லை. எழுதவும் படிக்கவும் அவர் இறுதிவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆவணங்களில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் குறியாக இடுவார். ஆயினும், வியக்கத்தக்க நினைவாற்றல் அவரிடம் இருந்தது. எழுத்தர் படித்துக் காட்டும் கணக்குகளை ஒருமுறை கேட்டாலே மனத்தில் பதித்துக்கொள்வார். கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் அவர் உரையாட வல்லவர் என்பர். பல நாட்டு வீரர்கள் பணிபுரிந்த படையில் இம்மொழியறிவு அவருக்குப் பெருந்துணையாக அமைந்தது.

தமிழகக் களங்களில் கற்ற பாடம்

1749-ஆம் ஆண்டில் மைசூர்ப் படை தேவனஹள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டது. இன்று பெங்களூரின் பன்னாட்டு வானூர்தி நிலையம் அமைந்துள்ள பகுதிக்கு அருகில் அக்கோட்டை உள்ளது. அம்முற்றுகையில் ஹைதர் காட்டிய துணிவைக் கண்ட அமைச்சர் நஞ்சராசர், அவரைக் குதிரை வீரர் ஐம்பதின்மருக்கும் காலாள் இருநூற்றுவருக்கும் தலைவராக்கினார். ஹைதரின் மகன் திப்பு பிறந்த ஊரும் தேவனஹள்ளியே.

அடுத்த சில ஆண்டுகளில், ஆற்காட்டு நவாப் பதவிக்காக எழுந்த போரில் மைசூர்ப் படை திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அப்போரில் எதிரெதிர் அணிகளில் நின்றனர். ஐரோப்பியக் காலாட்படை வரிசை குலையாமல் நின்று ஒரே நேரத்தில் சுடுவதை ஹைதர் கூர்ந்து நோக்கினார். கட்டுப்பாடில்லாத பெரும்படையைக் கட்டுப்பாடுடைய சிறுபடை எளிதில் வெல்லும் என்பதை அங்கே கண்டறிந்தார்.

அதேவேளையில் ஐரோப்பியப் படையின் குறையும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. அப்படை மெல்ல நகர்ந்தது. மூட்டை முடிச்சுகளும் உணவு வண்டிகளும் இல்லாமல் அதனால் நெடுந்தொலைவு செல்ல இயலவில்லை. குதிரைப்படையும் அதனிடம் மிகக் குறைவு. நேருக்கு நேர் நின்றால் வெல்ல அரிய படையை, உணவு கிடைக்காமல் அலைய வைத்தால் வெல்லலாம் என்பது ஹைதர் கற்ற இரண்டாவது பாடம்.

1755-ஆம் ஆண்டில் அவர் திண்டுக்கல் கோட்டையின் தலைவரானார். அங்கே பிரெஞ்சுத் தொழில் வல்லுநரைக்கொண்டு படைக்கலச் சாலை ஒன்றை அமைத்தார். பிற்காலத்தில், கணவரைப் போரில் இழந்து திண்டுக்கல் பகுதியில் தங்கியிருந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் ஹைதரின் உதவியை நாடிப் பெற்றதும், 1780-இல் தம் நாட்டை மீட்டதும் தமிழக வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சிகள்.

பெங்களூர் காத்த உயிர்

1758-ஆம் ஆண்டில் பெங்களூர் ஹைதரின் பொறுப்பில் விடப்பட்டது. அதனை மராட்டியர் முற்றுகையிட்டபோது அவர் உறுதியுடன் எதிர்த்து நின்று நகரைக் காத்தார். அவருடைய செல்வாக்கு வளர்ந்தது. அதனுடன் பகைமையும் வளர்ந்தது.

1760-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹைதரின் பழைய உதவியாளரான கண்டேராவ் அவருக்கு எதிராகத் திரும்பினார். சீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் இருப்பிடத்தைப் படைகள் சூழ்ந்தன. அவருடைய படையின் பெரும்பகுதி அப்போது ஆற்காட்டுப் பகுதியில் இருந்தது. மனைவி மக்களையும் பொருளையும் விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து, ஆனேக்கல் வழியாகக் குதிரையை விரட்டிக்கொண்டு அவர் பெங்களூரை அடைந்தார். நகரின் வாயில்கள் அவருக்காகத் திறந்தன. அன்று பெங்களூர் கைவிட்டிருந்தால் அவருடைய வரலாறு அவ்விரவோடு முடிந்திருக்கும்.

கண்டேராவின் படை பெரிது. ஹைதரிடம் இருந்தது சிறிது. ஆகவே அவர் சூழ்ச்சியை நாடினார். அமைச்சர் நஞ்சராசர் எழுதியதுபோலப் பொய்க் கடிதங்கள் உருவாக்கப்பட்டன. கண்டேராவைப் பிடித்துக்கொடுக்கும்படி அவருடைய படைத்தலைவர்களுக்கே எழுதப்பட்ட அக்கடிதங்கள், கண்டேராவின் கையில் சிக்குமாறு அனுப்பப்பட்டன. அவற்றைக் கண்டு, தம் தலைவர்களே தமக்கு எதிராகச் சதி செய்வதாக எண்ணிய கண்டேராவ் படையை விட்டு ஓடினார். தலைவன் இல்லாத படையை ஹைதர் எளிதில் வென்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சில கடிதங்களால் பெற்ற வெற்றி அது.

1761-ஆம் ஆண்டில் மைசூரின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் ஹைதரின் கைக்கு வந்தது. உடையார் மரபினர் அரியணையில் இருந்தனர். அதிகாரம் ஹைதரிடம் இருந்தது. தோற்ற கண்டேராவ் பெங்களூரில் இரும்புக் கூண்டில் அடைக்கப்பட்டார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். வெற்றி பெற்ற ஹைதரிடம் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது என்பதை அந்நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்தியது.

கோட்டையும் தோட்டமும்

தம்மைக் காத்த நகரை ஹைதர் மறக்கவில்லை. மண்ணால் ஆன பெங்களூர்க் கோட்டையை 1761-இல் கற்கோட்டையாக மாற்றிக் கட்டத் தொடங்கினார். அதன் எஞ்சிய பகுதியாகிய தில்லி வாயில் இன்றும் கே.ஆர். மார்க்கெட் அருகில் நிற்கிறது. நெரிசல் மிகுந்த சாலையில் செல்வோர் அதன் உயர்ந்த கல்வளைவைக் காணலாம்.

கோட்டைக்குத் தெற்கே 1760-ஆம் ஆண்டில் அவர் ஒரு தோட்டத்தையும் அமைக்கத் தொடங்கினார். அதுவே லால்பாக். சிரா நகரிலிருந்த முகலாயத் தோட்டத்தின் அமைப்பைப் பின்பற்றி அது உருவாக்கப்பட்டது. திப்பு தம் காலத்தில் அயல்நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வரவழைத்து அதனை விரிவுபடுத்தினார். ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கிய அத்தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது.

தோட்டக்கலையில் வல்லவரான திகளர் சமூகத்தார் லால்பாக்கை உருவாக்குவதில் பங்கு கொண்டனர் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. தமிழ் கலந்த பேச்சு வழக்கு அவர்களுடைய வீடுகளில் நிலவியது. ஆண்டுதோறும் பெங்களூரில் நடைபெறும் கரக விழாவை நடத்துவோரும் அவர்களே. தமிழகத்திலிருந்து வந்து பெங்களூரில் வேரூன்றிய உழைப்பாளர்களின் வரலாறு மிகப் பழையது என்பதற்கு அவர்கள் சான்றாக விளங்குகின்றனர்.

விரைவே படைக்கலம்

ஹைதரின் படைவலிமை மூன்று தூண்களின்மேல் நின்றது. முதலாவது குதிரைப்படை. பகைவரின் உணவு வண்டிகளைக் கவர்வதும், செய்தி கொண்டுசெல்வோரை மறிப்பதும், இரவும் பகலும் ஓய்வு கொடாமல் சுற்றி வருவதும் அதன் பணிகள்.

இரண்டாவது எருதுகள். அக்காலத்தில் பீரங்கிகளை எருதுகளே இழுத்தன. பிற படைகளின் எருதுகள் மெல்ல நடந்தன. மைசூர் அரசில் உடையார்கள் காலந்தொட்டுப் போற்றி வளர்க்கப்பட்ட எருதுகளோ மெலிந்த உடலும் வலிய கால்களும் உடையவை. நெடுந்தொலைவு விரைந்து நடக்க வல்லவை. அம்ருத மகால் என்று இன்று அழைக்கப்படும் இனம் அதுவே. 1781-இல் சிதம்பரம் கோயில் அரணை ஆங்கிலேயர் தாக்கியபோது, இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து ஹைதரின் படை அங்கு விரைந்ததற்கு அவ்வெருதுகளே காரணம் என்பர்.

மூன்றாவது ஏவுகணை. மூங்கிலாலும் தாளாலும் ஆன வாணங்கள் முன்பே வழக்கில் இருந்தன. மைசூர்க் கொல்லர்கள் இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக அடைத்தனர். தாளைவிட இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். அதனால் மருந்து எரிந்து வெளியேறும் வேகம் கூடியது. வாணமும் நெடுந்தொலைவு பாய்ந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கும் அப்பால் அது சென்று விழுந்தது. நீண்ட மூங்கிற் கழியோ வாளோ அதனுடன் கட்டப்பட்டிருந்தது. குறி தவறினாலும், சீறிக்கொண்டு வரும் நெருப்பைக் கண்டு குதிரைகள் மிரண்டன. படை வரிசைகள் குலைந்தன. ஹைதரின் படையில் ஏறத்தாழ 1,200 ஏவுகணை வீரர்கள் இருந்தனர்.

சென்னையின் வாயிலில்

1767-ஆம் ஆண்டில் ஹைதருக்கும் ஆங்கிலேய வணிகக் குழுவிற்கும் முதல் மைசூர்ப் போர் மூண்டது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நேருக்கு நேர் நிகழ்ந்த போர்களில் ஹைதர் தோற்றார். ஆம்பூர்க் கோட்டையையும் அவரால் கைப்பற்ற இயலவில்லை. 1768-இல் ஆங்கிலேயர் மேட்டு நிலத்தின்மீதே ஏறி வந்து, ஓசூரையும் கோலாரையும் பிடித்துப் பெங்களூரை நெருங்கினர்.

தோல்விகள் அவருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாடத்தை நினைவூட்டின. ஆங்கிலேயர் விரும்பும் இடத்தில் போரிடுவதை அவர் நிறுத்தினார். பெங்களூரை முற்றுகையிட வந்தவர்களின் உணவு வழிகளைத் துண்டித்தார். அவர்கள் தளர்ந்தபோது, கணவாய்களின் வழியே இறங்கிக் கோவை, ஈரோடு, கரூர்ப் பகுதிகளை விரைந்து மீட்டார். தளபதி ஸ்மித்தின் படை அவரைத் தேடி அலைந்தது. அவர் இருந்ததாகக் கேள்வியுற்ற இடத்தை அது அடையும்போது அவர் வேறிடத்தில் இருந்தார்.

1769-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஹைதர் தம் பீரங்கிகளையும் காலாட்படையின் பெரும்பகுதியையும் மலைப்பகுதிக்குத் திருப்பி அனுப்பினார். குதிரை வீரர் 6,000 பேரையும், தேர்ந்தெடுத்த காலாள் 200 பேரையும் மட்டும் உடன்கொண்டு புறப்பட்டார். மூன்றரை நாளில் ஏறத்தாழ 210 கிலோமீட்டர் கடந்து, சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையில் திடீரெனத் தோன்றினார். ஆங்கிலேயரின் முதன்மைப் படை தொலைவில் பின்தங்கியிருந்தது. கோட்டைக்கு வெளியே தோட்ட வீடுகளிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்தோர் அஞ்சி ஓடினர்.

கோட்டையைத் தகர்க்கும் பீரங்கிகள் ஹைதரிடம் இல்லை. அதனை அவர் விரும்பவும் இல்லை. அச்சம் கோட்டைக்குள் செய்யவேண்டிய பணியைச் செய்தது. 1769 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒருவரிடமிருந்து மற்றவர் கைப்பற்றிய நிலங்களைத் திருப்பிக் கொடுக்கவும், வேற்றரசர் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவவும் இருதரப்பும் ஒப்புக்கொண்டன. ஆயினும், மராட்டியர் அடுத்த ஆண்டுகளில் மைசூரைத் தாக்கி ஹைதரைத் தோற்கடித்தபோது ஆங்கிலேயர் உதவிக்கு வரவில்லை. அந்த ஏமாற்றத்தை ஹைதர் மறக்கவே இல்லை.

பொள்ளிலூர்ப் போர்

1779-இல் ஆங்கிலேயர் மேற்குக் கடற்கரையிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகமாகிய மாகியைக் கைப்பற்றினர். ஹைதருக்குப் படைக்கலங்கள் வந்து சேர்ந்த வழி அது. அதனால் சினமுற்ற அவர் 1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 80,000 வீரர்களுடன் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். இரண்டாம் மைசூர்ப் போர் தொடங்கியது.

ஆங்கிலேயரின் படை இரு பிரிவுகளாக இருந்தது. மன்றோவின் படை காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தது. பெய்லியின் படை வடக்கிலிருந்து அதனுடன் சேர வந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் வெல்வது கடினம் என்பதை உணர்ந்த ஹைதர், அவை சேருமுன்பே இடையில் புகத் திட்டமிட்டார். பெய்லியின் வழியை மறிக்கத் திப்புவை அனுப்பினார். மன்றோவைத் தாம் கண்காணித்தார். பிறகு, மன்றோ அறியாதவாறு தம் படையை நகர்த்தித் திப்புவுடன் சேர்ந்துகொண்டார்.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படை நாற்புறமும் சூழப்பட்டது. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையின் வெடிமருந்து வண்டிகள் போரின் நடுவே தீப்பற்றி வெடித்தன. மைசூர் ஏவுகணைகளே அதற்குக் காரணம் என்று கூறுவர். பெய்லி சிறைப்பட்டார்; அவருடைய படையில் பெரும்பாலோர் இறந்தனர் அல்லது பிடிபட்டனர். சில மணி நேர நடைத்தொலைவில் இருந்த மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் கோயில் குளம் ஒன்றில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார்.

இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. அப்போர்க் காட்சி சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஹைதரின் புகழ் கடல் கடந்தும் பரவியது. அதே காலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைக்குப் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர், 1782-இல் தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயரைச் சூட்டினர்.

எரிந்த வயல்கள்

வெற்றியின் மறுபக்கமும் அறியத்தக்கது. ஆங்கிலேயப் படைக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பது ஹைதரின் திட்டம். அதற்காகச் சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் இருந்த ஊர்களைப் பாழாக்குமாறு அவர் ஆணையிட்டார். குதிரை வீரர்கள் வயல்களுக்குத் தீயிட்டனர், கால்நடைகளை ஓட்டிச் சென்றனர், வீடுகளைக் கொளுத்தினர். இளைஞர் பலர் மைசூர் நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அவ்வயல்களை உழுதவர்கள் ஆங்கிலேயர் அல்லர், தமிழ் உழவர்கள். அவ்வீடுகளில் தறி நெய்தவர்களும் தமிழர்களே. பகைவரின் உணவை அழிக்க மூட்டிய தீ, பகைவரைவிட எளிய மக்களையே மிகுதியாகச் சுட்டது. அவர்கள் இருந்ததை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினர். நகரில் அவ்வளவு பேருக்கு உணவில்லை. 1781, 1782-ஆம் ஆண்டுகளில் கடும் பஞ்சம் நிலவியது. பசியால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-இல் சென்னையில் ஓர் இடம் அமைக்கப்பட்டது. பின்னாளில் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர்பெற்ற அவ்வறச்சாலையை ஒட்டி மருத்துவமனை ஒன்று வளர்ந்தது. அதுவே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. முதியவர்கள் அதனை நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே அழைத்தனர். பொள்ளிலூர் வெற்றிக்கு ஓவியம் இருக்கிறது. பசித்த மக்களின் நினைவுக்கு அப்பெயரே எஞ்சியது.

லால்பாக்கில் மரங்களை நடச் செய்தவரே நெல்வயல்களை எரிக்கவும் செய்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஹைதர் அலியின் வரலாறு முழுமை பெறும்.

மறைக்கப்பட்ட மரணம்

1781 ஜூலை முதல் நாளில் பரங்கிப்பேட்டையில் தளபதி கூட்டின் படை ஹைதரைத் தோற்கடித்தது. அதன் பின்னரும் அவர் தளரவில்லை. கூட்டின் படைக்கு உணவு கிடைக்காமல் செய்வதிலேயே கருத்தாக இருந்தார். ஆனால் ஆங்கிலேயரிடம் கப்பல்கள் இருந்தன. நிலவழி அடைபட்டாலும் கடல்வழியே அரிசியும் வீரர்களும் வந்துகொண்டே இருந்தனர். நிலத்தில் எத்தனை வெற்றி பெற்றாலும் கடலை வற்றச் செய்ய இயலாது என்பதை ஹைதர் தம் இறுதிக் காலத்தில் உணர்ந்தார்.

1782 டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூருக்கு அருகிலிருந்த பாசறையில், முதுகில் தோன்றிய கட்டியின் கொடுமையால் ஹைதர் உயிர் நீத்தார். திப்பு அப்போது தொலைவில் மலபார்க் கரையில் இருந்தார். தலைவர் இறந்த செய்தி பரவினால் படை சிதறிவிடும். எனவே பூர்ணையா முதலிய அமைச்சர்கள் அச்செய்தியை மறைத்தனர். ஹைதரின் உடல் ஒரு பேழையில் வைக்கப்பட்டுக் கருவூலப் பொருளைப் போலக் கோலாருக்கு அனுப்பப்பட்டது. பாசறையில் அன்றாடப் பணிகள் வழக்கம்போல் நடந்தன. திப்பு விரைந்து வந்து படைத்தலைமையை ஏற்கும்வரை அவ்வமைதி காக்கப்பட்டது. தம் வாழ்நாள் முழுவதும் பகைவரை ஏமாற்றிய ஹைதர், இறந்த பின்பும் சில வாரங்கள் அவர்களை ஏமாற்றினார் எனலாம். அவருடைய உடல் பின்னர் சீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய கும்பசு மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நிலைத்து நிற்பவை

1791-இல் பெங்களூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799-இல் திப்பு சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்டார். அங்குக் கைப்பற்றப்பட்ட ஏவுகணைகள் இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவற்றை ஆராய்ந்த வில்லியம் காங்கிரீவ் புதிய ஏவுகணைகளை உருவாக்கினார். அவை ஐரோப்பியப் போர்களில் பயன்பட்டன. இன்று இந்தியாவின் விண்வெளி ஆய்வு நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அன்று பகைவரை அஞ்சவைக்கப் பாய்ந்த நெருப்பின் அறிவியலே இன்று செயற்கைக்கோள்களை விண்ணுக்குச் சுமந்து செல்கிறது.

கற்கோட்டையில் ஒரு வாயிலும் சில சுவர்ப்பகுதிகளுமே எஞ்சியுள்ளன. லால்பாக் தோட்டமோ ஆண்டுக்கு ஆண்டு தளிர்க்கிறது. விடுமுறை நாள்களில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் அதன் பாறைமீது ஏறி விளையாடுகின்றனர். படையெடுப்பால் பெற்றவை கைமாறின. நட்டு வளர்த்தவை நிலைத்து நிற்கின்றன.

சொல்லும் பொருளும்

அரண் – பாதுகாப்பு
கணவாய் – மலைகளுக்கு இடையேயுள்ள வழி
காலாள் – நடந்து சென்று போரிடும் வீரர்
பாசறை – படை தங்கும் இடம்
பேழை – பெட்டி
சூழ்ச்சி – தந்திரமான திட்டம்
கருவூலம் – அரசின் செல்வம் வைக்கும் இடம்

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. திருச்சிராப்பள்ளியில் ஹைதர் கற்ற இரு பாடங்கள் யாவை?
2. இரும்புக் குழாய் ஏவுகணையின் பாய்ச்சலை எவ்வாறு கூட்டியது?
3. ஹைதரின் இறப்பை அமைச்சர்கள் மறைத்தது ஏன்?

ஆ) பத்து வரிகளில் விடை எழுதுக.
1. 1769-இல் ஹைதர் போரிடாமலே சென்னையில் வெற்றி பெற்ற முறையை விளக்குக.
2. ஹைதரின் போர் முறையால் தமிழ் உழவர்கள் அடைந்த துன்பங்களை எழுதுக. அவ்வெற்றி பற்றி உம் கருத்து யாது?

இ) செயல்பாடு
பெங்களூரிலிருந்து உம் சொந்த ஊர்வரை செல்லும் வழியை வரைபடமாக வரைக. இப்பாடத்தில் இடம்பெற்ற ஊர்கள் அவ்வழியில் இருப்பின் அவற்றைக் குறித்து, அங்கு நிகழ்ந்ததை ஒரு தொடரில் எழுதுக. அவ்வூர்களைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.